சித்திரை பன்னிரண்டு, முதல் முட்டை

ஸ்ரீ:
அணுபுரம்
ஈஸ்வர வருஷம், சித்திரை 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை வத்சலா நமஸ்கரித்து எழுதுவது. பெருமாள் கிருபையில் நானும் இவரும் ஹம்சினியும் சௌக்கியம். மன்னியின் முழங்கால் வலி தேவலையா? கோயமுத்தூரில் முடக்கத்தான் கீரை கிடைத்தால் தோசை மாவில் அரைத்துச் சேர்க்கச் சொல்லவும்.

இந்தத் தடவை ஊறுகாய் விஷயம் இல்லை, அண்ணாவின் காலேஜ் விஷயமாகவே எழுதுகிறேன். எங்கள் குவார்ட்டர்ஸின் பின்னால் ஒரு வேப்பமரம். அதில் பட்டுப்போன கிளையில் குக்குறுவான் பறவை போன வருஷம் குடைந்துவிட்டுப் போன பொந்து ஒன்று இருக்கிறது. அதில் ஒரு ஜோடி குருவி குடிவந்திருக்கிறது. தூரத்தில் பார்த்தால் சிட்டுக்குருவிதான். கிட்டத்தில் இல்லவே இல்லை. ஆணுக்குத் தொண்டையில் எலுமிச்சை மஞ்சளில் ஒரு பொட்டு, தோளில் செங்கல் நிறம், இறக்கையில் வெள்ளைக் கோடு. லைப்ரரியிலிருந்து பறவைப் புத்தகத்தை மூன்று தடவை எடுத்துவந்து ஒப்பிட்டுவிட்டேன். மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று போட்டிருக்கிறது. சிட்டுக்குருவிக் குடும்பமே, ஆனால் பேரினம் வேறாம். ஒரு புத்தகத்தில் பெட்ரோனியா, இன்னொன்றில் ஜிம்னோரிஸ். எது சரி என்று விலங்கியல் பேராசிரியர் சொல்லட்டும்.

எது நடந்தாலும் தேதி போட்டு எழுதிவைப்பது என் வழக்கம் என்று அண்ணாவுக்குத் தெரியும். காஸ் மாற்றிய நாள், ஆவக்காய் போட்ட நாள், ஹம்சினிக்கு ஜுரம் வந்த நாள் எல்லாம் என் நோட்டில் உண்டு. இதையும் எழுதுகிறேன். காலையில் விளக்கேற்றிப் பாசுரம் சொல்லி முடித்ததும், தாய்ப்பறவை வெளியே போன சமயம் பார்த்து, முக்காலி மேல் ஏறி, குச்சியில் கட்டிய கைக்கண்ணாடியைப் பொந்தின் வாயில் பிடித்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். சித்திரை 12 முதல் முட்டை. 13 இரண்டாவது. 14 மூன்றாவது. வெளிறின பச்சையில் காப்பிப் பொடி தூவின மாதிரி.

நேற்று தோட்ட வேலைக்கு வரும் எல்லப்பன் அரிவாளோடு வந்துவிட்டான், பட்ட கிளையைக் கழிக்க. குறுக்கே நின்றேன்.

"இன்னாம்மா இது, பட்டுப்போன கெளைக்கு இம்மாம் வக்காலத்து? எவன் தலைலனா வுழுந்தா நாந்தான் பேஜார்ல மாட்டிகினு முழிக்கணும்" என்றான். முட்டை இருக்கிறது என்றேன். "குருவிக்கு வேற வூடா கெடைக்காது? நானே மூணு தபா வூடு மாறிகீறேன், யாராவது குறுக்க நின்னாங்களா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஒரு மாசம் தவணை வாங்கியிருக்கிறேன்.

அண்ணா எழுதுகிற பறவைக் காலாண்டிதழில் இதைப் போடுவார்களா? இந்தப் பக்கம் இது கூடு கட்டின கணக்கு யாரும் எழுதினதாகத் தெரியவில்லை. உடனே பதில் போடவும். மன்னிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
வத்சலா

•

கோயமுத்தூர்
26-5-1997

சௌபாக்கியவதி வத்சலாவுக்கு,

கஸ்தூரிரங்கன் ஆசீர்வாதம். இங்கு அனைவரும் நலம். விடைத்தாள் திருத்தும் வேலையில் உன் கடிதத்துக்குப் பதில் எழுத நேரம் வாய்க்கவில்லை. மன்னிக்குக் கீரை கிடைத்தது. தோசை கசக்கிறது என்று நான்தான் புலம்புகிறேன்.

நீ பார்த்தது பெண் சிட்டுக்குருவி. கருவேலம்பூவில் தலையை விட்டுத் தேன் குடித்திருக்கும். தொண்டையில் ஒட்டியது மகரந்தம். புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறுதான், வருத்தப்படாதே. முக்காலி மேலெல்லாம் ஏறி இடுப்பை ஒடித்துக்கொள்ளாதே. மாப்பிள்ளைக்கு யார் சமைத்துப் போடுவது?

பங்கனபள்ளி ஒரு கூடை அனுப்பியிருக்கிறேன். வந்ததும் எழுது.

ஆசிகளுடன்,
அண்ணா

•

ஸ்ரீ:
அணுபுரம்
வைகாசி 20

அண்ணாவுக்கு அநேக நமஸ்காரம்.

மாம்பழம் வந்தது. இரண்டுதான் அடிபட்டிருந்தது. முதல் பழத்தைப் பெருமாளுக்கு அம்சை பண்ணிவிட்டுத்தான் ஹம்சினி கையில் கொடுத்தேன். இவருக்கு ஒரு வாரமாக இருந்த தும்மல் நின்றுவிட்டது. அங்கே மழை உண்டா?

மகரந்தம் என்று அண்ணா எழுதியிருந்தீர்கள். படித்ததும் கோபம் வந்தது, சொல்லிவிடுகிறேன். பிறகு, படித்தவர் சொல்கிறாரே, இருந்தாலும் இருக்கலாம் என்று தோன்றியது. துளசி மாடத்துப் பக்கத்தில் மண்தட்டில் தண்ணீர் வைத்து, அரிசி களைய உட்கார்ந்த சாக்கில் காத்திருந்தேன். மூன்றாம் நாள் ஆண் வந்து குளித்தது. ஏழு முங்கு. தண்ணீர் கலங்கிற்று, மஞ்சள் போகவில்லை. நனைந்த தொண்டையில் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. குளித்தும் போகாத மகரந்தம் உண்டா அண்ணா? பெண் சிட்டுக்குருவிக்குத் தோளில் செங்கல் நிறம் ஏது?

முழுக் கணக்கையும் நோட்டிலிருந்து பார்த்து எழுதி இத்துடன் ஏழு பக்கம் வைத்திருக்கிறேன். சுருக்கம் இது: சித்திரை 12 முதல் முட்டை. சித்திரை 27 மூன்று குஞ்சும் பொரிந்தன. தாய் மட்டும் அடைகாத்தது, இரை ஊட்ட இரண்டும் வந்தன. வைகாசி 11 காலை, சுப்ரபாதம் முடிகிற நேரம், மூன்றும் பறந்துவிட்டன. பொந்து காலி. எல்லப்பன் வந்து, "இன்னாம்மா, குடி போயிடுச்சா? இப்பனா வெட்டலாமா?" என்றான். அடுத்த வருஷமும் வரும், இருக்கட்டும் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போனான்.

இதைத் தயவுசெய்து இங்கிலீஷில் எழுதி அனுப்பவும். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள் எழுதினால் தூக்கிப் போடுவார்கள் என்று தெரியும். அதனால் அண்ணா பெயர் மேலே இருக்கட்டும், பார்த்தவள் வத்சலா என்று கீழே சின்ன எழுத்தில் போட்டால் போதும். இதுவரைக்கும் என் பெயர் அச்சில் வந்தது கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

வத்சலா

•

கோயமுத்தூர்
8-9-1997

அன்புள்ள வத்சலா,

ஆசீர்வாதம். நீ ஆனியில் போட்ட கார்டும் ஆடியில் போட்ட கார்டும் கிடைத்தன. மன்னிக்கு ரத்த அழுத்தம், எனக்குத் துறைத்தலைவர் பொறுப்பு. இரண்டுக்கும் ஒரே மருந்து, உப்பைக் குறை என்கிறார் டாக்டர்.

என்னிடம் படிக்கும் ஒருவன் சிட்டுக்குருவிக் குடும்பம் பற்றி ஏதோ கேட்டான். உனக்குத் தெரிந்தால் எழுது: பொந்து தரையிலிருந்து எத்தனை அடி? உள்ளே ஆழம் எவ்வளவு? கூட்டில் புல் மட்டுமா, மயிரும் உண்டா? ஆணின் அலகு கறுப்பா பழுப்பா? அவசரம் இல்லை, இந்த வாரத்துக்குள் எழுதினால் நல்லது.

அக்டோபர் முதல் வாரம் என் சக ஆசிரியர்கள் நால்வர் மாமல்லபுரம் பார்க்க வருகிறார்கள். ஒருவேளைச் சாப்பாடு உன் வீட்டில் என்று சொல்லிவிட்டேன். ரசம் என்றால் உன் சாத்துமதுதான் என்று பெருமை பேசியிருக்கிறேன், காப்பாற்று.

அண்ணா

•

ஸ்ரீ:
அணுபுரம்
ஆவணி 28

அண்ணாவுக்கு நமஸ்காரம். மன்னி உப்பைக் குறைக்கட்டும், கவலையையும் குறைக்கட்டும். நாங்கள் சௌக்கியம்.

அந்தப் பையனுக்கு: பொந்து ஏழடி நாலு அங்குலம். ஆழம் முழங்கைக்குச் சற்றுக் குறைவு, குச்சியில் அடையாளம் வைத்து அளந்தது. புல், வேப்பம்பட்டை நார், எதிர் வீட்டு சரோஜா மாமி சீவிப்போட்ட தலைமயிர். நரைத்த மயிரானதால் நிச்சயமாகச் சொல்கிறேன். அலகு கறுப்பு.

நால்வரும் வரட்டும், சாத்துமது தயார்.

நான் அனுப்பின ஏழு பக்கம் என்னவாயிற்று? காலாண்டிதழுக்குப் போயிற்றா, இல்லையா? இரண்டு கார்டிலும் இதைத்தான் கேட்டேன். உப்புக்கும் அலகுக்கும் பதில் இருக்கிறது, இதற்கு மட்டும் இல்லை. வேண்டாம் என்று அவர்கள் திருப்பியிருந்தாலும் சொல்லிவிடவும். தெரியாமல் இருப்பதுதான் கஷ்டம். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறேன். இவர் சிரிக்கிறார்.

பதிலை எதிர்பார்க்கும்,
வத்சலா

•

மதுராந்தகம்
18-1-1998

பெருமதிப்பிற்குரிய திரு. ராமானுஜம் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை இனிதாகக் கழிந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் இங்கே உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர். ஏரிக்கரையில் பறவை பார்ப்பது பழக்கம். முன்பின் அறியாமல் எழுதுவதைப் பொறுத்தருள வேண்டும்.

பறவைக் காலாண்டிதழின் டிசம்பர் இதழில் பேராசிரியர் கஸ்தூரிரங்கன் மஞ்சள் தொண்டைச் சிட்டு பற்றி மூன்று பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறார். "அணுபுரத்தில் என் மைத்துனர் திரு. ராமானுஜம் அவர்களின் தோட்டத்தில் நான் கவனித்தவை" என்று தொடங்குகிறது. அருமையான கட்டுரை. அந்தக் குளியல் சோதனையைப் படித்துவிட்டுக் கைதட்டினேன்.

எனக்கு ஒரு சந்தேகம். ஏரிக்கரை இலுப்பை மரங்களில் நான் மூன்று கூடுகளைப் பார்த்தேன். மூன்றிலும் முதல் முட்டை ஏப்ரல் 22க்குப் பிறகுதான். கட்டுரையில் ஏப்ரல் 12 என்றிருக்கிறது. முப்பது கிலோமீட்டர் தூரத்தில் பத்து நாளுக்கு மேல் முந்துமா? இதழாசிரியருக்கும் எழுதிக் கேட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் என்ற முறையில் தங்களுக்கு ஏதாவது நினைவிருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
தர்மராஜ்

•

ஸ்ரீ:
அணுபுரம்
தை 9

மதிப்புள்ள தர்மராஜ் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். கடிதம் இவர் பெயருக்கு வந்தது. இவருக்குக் குருவிக்கும் மைனாவுக்கும் வித்தியாசம் தெரியாது, ஆகையால் நான் பதில் எழுதுகிறேன்.

முதல் முட்டை சித்திரை 12. அதாவது ஏப்ரல் 25. குஞ்சு பொரிந்தது சித்திரை 27, மே 10. பறந்தது வைகாசி 11, மே 25. சித்திரை என்றால் ஏப்ரல், வைகாசி என்றால் மே என்று யாரோ அப்படியே மாற்றியிருக்கிறார்கள். உங்கள் மூன்று கூடும் சரி, எங்கள் கூடும் சரி. குருவிகள் ஒன்றும் தப்புப் பண்ணவில்லை.

அந்த இதழை இரண்டு நாள் இரவல் தர முடியுமா? பத்திரமாகத் திருப்பி அனுப்புவேன்.

இப்படிக்கு,
ரா. வத்சலா

•

ஸ்ரீ:
அணுபுரம்
தை 13

அண்ணாவுக்கு,

நமஸ்காரம். மன்னியின் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

மதுராந்தகத்து ஆசிரியர் ஒருவர் இதழை அனுப்பிவைத்தார். ஹம்சினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அகராதி பார்த்து முழுக்கப் படித்தேன். ஏழு முங்கும் இருக்கிறது. சரோஜா மாமியின் மயிர்கூட இருக்கிறது. நான் இல்லை.

"நான் கவனித்தவை" என்று போட்டிருக்கிறீர்கள். அண்ணா கடைசியாக எங்கள் வீட்டு வாசப்படி ஏறினது ஹம்சினியின் காதுகுத்தலுக்கு. அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அக்டோபரில் வந்த நால்வரில் கண்ணாடி போட்டவர் பின்கட்டில் கை கழுவும்போது, "இதுதானே எங்க சாரோட மரம்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரித்துவிட்டு மோர் ஊற்றினேன்.

அதைக்கூட விடலாம். தேதியை ஏன் பார்க்கவில்லை? வருஷப் பிறப்பன்று வேப்பம்பூப் பச்சடி சாப்பிட்டுவிட்டுப் பஞ்சாங்கம் படிக்கிற வீட்டில் பிறந்தவர்கள் நாம். சித்திரை ஒன்று ஏப்ரல் எத்தனை என்று அண்ணாவுக்கா தெரியாது? இடுப்பு வலியோடு ஒரு மாசம் முக்காலி ஏறினேன். தூரமாக இருந்த மூன்று நாளும் மற்ற வேலையெல்லாம் நின்றது, இதை நிறுத்தவில்லை. அவ்வளவு பார்த்து எழுதினதைத் தப்பாக அச்சில் ஏற்றிவிட்டீர்களே. இனிமேல் படிக்கிறவன் எல்லாம் பொய்யைப் படிப்பான்.

திருத்தம் போடச் சொல்லவும். அதில் என் பெயரும் வர வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

வத்சலா

•

கோயமுத்தூர்
31-1-1998

அன்புள்ள தங்கை வத்சலாவுக்கு,

பல ஆசீர்வாதம். கடிதம் இன்று காலை வந்தது, உடனே எழுதுகிறேன். நீ இவ்வளவு மனவருத்தப்படுவாய் என்று தெரிந்திருந்தால் முன்பே சொல்லியிருப்பேன். திடீரென்று சந்தோஷப்படுத்தலாம் என்று இருந்தேன்.

யோசித்துப் பார். ஒரு குடும்பப் பெண் குச்சியில் கண்ணாடி கட்டிப் பார்த்தாள் என்று எழுதினால் அவர்கள் அச்சிடுவார்களா? என் பெயர் இருந்ததால்தான் உன் குருவி அச்சேறியது. நமக்குள் உன் பெயர், என் பெயர் என்ன வேண்டியிருக்கிறது? ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்.

இதழாசிரியர் மூல நோட்டைக் கேட்கிறார். மார்ச்சில் பிரின்ஸிபால் தேர்வு. இந்தச் சமயத்தில் தேதி தப்பு என்று யாராவது கிளப்பினால் என் மானம் போகும். நோட்டை ரிஜிஸ்டர் தபாலில் உடனே அனுப்பு. திருத்தத்தில் உன் பெயர் நிச்சயம் வரும், இது என் வாக்கு. மன்னியும் சொல்லச் சொன்னாள்.

அண்ணா

•

ஸ்ரீ:
அணுபுரம்
மாசி 1

அண்ணாவுக்கு நமஸ்காரம். க்ஷேமம்.

நோட்டு இத்துடன் இருக்கிறது. பத்து நாள் யோசித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். தப்பான தேதி அச்சில் நிற்பது, விளக்கேற்றும்போதெல்லாம் உறுத்துகிறது. அதற்காகத்தான், வாக்குக்காக இல்லை. இங்கிலீஷ் தேதிகளைப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். முதல் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. அப்படியே பார்த்துப் போடவும்.

வத்சலா

•

கோயமுத்தூர்
18-5-1998

சௌபாக்கியவதி வத்சலாவுக்கு,

ஆசீர்வாதம். நல்ல செய்தி. ஜூன் முதல் நான் பிரின்ஸிபால். மன்னி கோயிலுக்குச் சர்க்கரைப் பொங்கல் தளிகைக்குக் கொடுத்தாள். நீங்கள் மூவரும் லீவில் வர வேண்டும்.

திருத்தம் வந்துவிட்டது. நறுக்கி அனுப்பியிருக்கிறேன். உனக்குப் புரிய வேண்டுமே என்று தமிழிலும் எழுதுகிறேன்: "கட்டுரையாசிரியரின் களக் குறிப்பேட்டின்படி முதல் முட்டை ஏப்ரல் 25 எனத் திருத்தி வாசிக்கவும். பறவைகளுக்குத் தண்ணீர் வைத்து உதவிய திருமதி ராமானுஜம் அவர்களுக்கு ஆசிரியர் நன்றி தெரிவிக்கிறார்." பார்த்தாயா, வாக்குக் கொடுத்தபடி உன் பெயரும் வந்துவிட்டது!

இதழாசிரியர் மிகவும் மகிழ்ந்து, இரண்டாம் வருஷக் கணக்கும் வேண்டும் என்கிறார். அதே பொந்துக்கு வந்ததா? முட்டை எத்தனை? எல்லாவற்றையும் ஜூன் 10க்குள் எனக்கு எழுது. இந்தத் தடவை இங்கிலீஷ் தேதியாகவே போட்டுவிடு, குழப்பம் வராது.

அன்புடன்,
அண்ணா

•

ஸ்ரீ:
அணுபுரம்
வெகுதான்ய வருஷம், வைகாசி 12

அண்ணாவுக்கு, அநேக நமஸ்காரங்களுடன் வத்சலா எழுதுவது.

பிரின்ஸிபால் ஆனது பற்றி ரொம்ப சந்தோஷம். ஸ்தலசயனப் பெருமாளுக்கு அண்ணா பெயரில் அர்ச்சனை பண்ணினேன். மன்னியின் முழங்காலுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். இவருக்கு இப்போது ஷிப்ட், லீவு கிடைக்காது. ஹம்சினி பத்தாவது போகிறாள். ஆகையால் வருவதற்கில்லை. இந்த வருஷம் மாம்பழம் அனுப்ப வேண்டாம், இங்கேயே மலிவாகக் கிடைக்கிறது.

நறுக்கை ஹம்சினி பார்த்தாள். "அம்மா, நீ தண்ணி மட்டுமா வச்சே?" என்று கேட்டாள். பிறகு அவளே அகராதியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

குருவிகள் வந்தன. அதே பொந்துதான். எல்லப்பன்கூட இந்தத் தடவை அரிவாள் இல்லாமல் வந்து, "இன்னாம்மா, நம்ம குடித்தனக்காரங்க வந்துட்டாங்களா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். முட்டை எத்தனை, என்றைக்குப் பொரிந்தது, குஞ்சுகளுக்கு என்ன இரை வந்தது, எல்லாம் தேதியோடு இருக்கிறது. இரண்டு தேதியும் போட்டிருக்கிறேன், தமிழ் முதலில்.

பதினொரு பக்கம் வந்தது. நானே இங்கிலீஷில் எழுதி முந்தாநாள் ரிஜிஸ்டர் தபாலில் இதழாசிரியருக்கு நேராக அனுப்பிவிட்டேன். அனுப்புநர் இடத்தில் என் பெயர், என் விலாசம். இங்கிலீஷில் தப்பு நிறைய இருக்கும், அதை அவர்கள் திருத்திக்கொள்ளட்டும். தேதியில் தப்பில்லை. போடுவார்களோ, குப்பையில் போடுவார்களோ, அது பெருமாள் இஷ்டம்.

அண்ணா கேட்ட கணக்கைத் தனியாக இதில் எழுதவில்லை. அச்சில் வந்தால் அதிலேயே வாசித்துக்கொள்ளலாம்.

மன்னியின் உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

தங்கை,
ரா. வத்சலா